பேக்கரி எதிரில் இரண்டு கரமேலோ

சோப்பு லெனில்தா வீட்டில் நாய் இருக்கிறதாம்.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் கொட்டாவி விடுவார்கள். எங்கள் ஊர் பியாபாவில் நாய் இல்லாத வீடு என்றால்தான் வதந்தி கிளம்ப வேண்டும். ஆனால் லெனில்தா வீட்டில் நாய் என்பது, பாதிரியார் வீட்டுக் கொடியில் கைக்குழந்தைத் துணி காய்கிறது என்பதைப் போன்ற செய்தி. (இந்த இரண்டாவது செய்தியை நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் எண்ணமும் இல்லை.)

எனக்குச் சொன்னவர் பேக்கரி பெலர்மீனோ. ரொட்டியின் எடையில் அவர் எவ்வளவு குறைப்பாரோ அவ்வளவையும் செய்தியில் கூட்டிக் கொடுத்துக் கணக்கை நேர் செய்துவிடுவார்.

"பின்கட்டுல கொசுவலை கட்டி, அதுக்குள்ள நாயைப் படுக்க வச்சிருக்கா. கல்யாணப் பொண்ணு மாதிரி."

"யார் பார்த்தது?"

"பாத்தவங்க பாத்தாங்க. நாய் நிறம் கரமேலோவாம். நீ பேப்பர்ல எழுதப் போறியா?"

"விசாரிச்சிட்டு எழுதலாம்னு."

"விசாரிச்சா அப்புறம் எழுதறதுக்கு என்ன மிஞ்சும்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தும் போனேன்.

லெனில்தா யார் என்று பியாபாவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பத்தி ஊர் தாண்டியும் போகிறது என்று பத்திரிகை முதலாளி சொல்வதால் சொல்கிறேன். ஐம்பத்து நாலு வயது. நகராட்சியின் நோய்த்தடுப்புப் பிரிவில் இருபத்திரண்டு வருடச் சேவை. வீடு வீடாகப் போய் நாய்களின் ரத்தத்தைச் சின்னக் குழாய்களில் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, தலைநகரத்துக்கு அனுப்புவது அவள் வேலை. நாய்க்கும் மனிதருக்கும் வரும் காலாசார் காய்ச்சல் இருக்கிறது என்று பதில் வந்தால் திரும்பிப் போய் அந்த நாயை வண்டியில் ஏற்றி வருவதும் அவள் வேலை. அதைக் கொல்லும் ஊசியைப் போடுவதும் அவள்தான். மருத்துவர் பதவி ஆறு வருடமாகக் காலி. கையெழுத்து மட்டும் பக்கத்து ஊரிலிருந்து வரும்.

நாய் வண்டியில் போகிற நாயெல்லாம் சோப்பாகிறது என்பது நாங்கள் தாய்ப்பாலோடு குடித்த தகவல். லெனில்தாவோ ஓய்வு நாட்களில் பழைய பொரித்த எண்ணெயைக் காய்ச்சி உண்மையிலேயே சோப்பு செய்கிறவள். கட்டி கட்டியாக வெட்டித் தெருவுக்கு இலவசமாகக் கொடுப்பாள். அந்தச் சோப்பை வாங்கித் துவைத்தவர்கள்தான் அவளுக்கு அந்தப் பெயரையும் வைத்தார்கள். துணி வெளுத்தது. பெயர் வெளுக்கவில்லை.

யாராவது மோட்டார் சைக்கிளில் வந்தால் எங்கள் தெரு நாய்கள் குரைக்கும். லெனில்தாவின் மோட்டார் சைக்கிள் வந்தால் மட்டும் தெரு முழுக்க அமைதி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கை ஒரு நாயின் வாயைப் பொத்திக்கொண்டிருக்கும். துணி அலமாரியில் நாய், காலித் தண்ணீர்த் தொட்டியில் நாய், ஒரு தடவை பாவமன்னிப்புக் கூண்டுக்குள்ளேயே நாய். ஒரு பெண் குட்டி நாய்க்குத் தொப்பி மாட்டி, ஊஞ்சல் படுக்கையில் போட்டு, தாலாட்டே பாடினாள். லெனில்தா வாசலில் நின்று தாலாட்டு முழுவதையும் கேட்டுவிட்டு, "பிள்ளைக்கு வால் வெளிய தெரியுது தோனா, இழுத்துப் போர்த்துங்க" என்றாளாம். (தோனா என்றால் எங்கள் ஊரில் 'அம்மா', ஆண்களுக்கு 'சேவு'.)

அவளை யாரும் விருந்துக்குக் கூப்பிட்டதில்லை. கணவன் சாவ் பாவ்லோவுக்குக் கட்டட வேலைக்குப் பேருந்து ஏறிப் பதினேழு வருடம் ஆகிறது. "இன்னும் பஸ்லதான் இருக்கான்போல. ரோடு சரியில்ல" என்பாள். பிள்ளைகள் இல்லை. நாயும் வளர்த்ததில்லை.

ஏன் வளர்த்ததில்லை என்பது ஊரில் பாதிப் பேருக்குத்தான் தெரியும். அவளுக்கு ஒன்பது வயதில் தம்பி நொனாட்டோ இருந்தான். ஆறு வயது. காய்ச்சல் வந்து வந்து போனது. கை கால் குச்சியாகி வயிறு மட்டும் பறை மாதிரி ஆனது. பிள்ளைக்குப் பூச்சி என்றார்கள், கண் பட்டது என்றார்கள். தலைநகரத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரி திரும்பி வந்தது, நொனாட்டோ வரவில்லை. வீட்டு நாய் ப்ரெத்தீன்யா அவனோடு ஒரே ஊஞ்சலில் படுத்துக் கிடந்தது. அதற்கும் தோல் உரிந்திருந்தது. நாயைக் கடித்த வைக்கோல் கொசு பையனையும் கடித்திருக்கிறது என்று அப்போது சொல்ல ஆளில்லை. வைக்கோல் கொசு என்றால் எள்ளில் பாதி இருக்கும். சத்தம் போடாது. கோழிக் கூண்டடியிலும் அழுகிய இலையிலும் பிறந்து, பொழுது சாயும் நேரத்தில் வரும். பின்னாளில் நகராட்சிப் பயிற்சி வகுப்பில் ஒரு படத்தைக் காட்டி இதை விளக்கியபோது, லெனில்தா எழுந்து வெளியே போய்விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு அந்த வேலையில் சந்தேகமே வந்ததில்லை.

சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அகாசியா தோட்டக் குடியிருப்பு. ஊரின் மேற்கே நாலு மீட்டர் சுவரும் காவலாளியும் உள்ள இடம். சுவரைப் பற்றி வைக்கோல் கொசுவுக்கு யாரும் அறிவிக்காததால் அது உள்ளேயும் போகிறது. அங்கே டாக்டரம்மா ஹெலோயிசாவின் நாய் ஓடினுக்குக் காலாசார் வந்தது. தலைநகரத்திலிருந்து நாய் மருத்துவர் வந்தார், மருந்துப் பாட்டில் வந்தது, கொசு அண்டாத கழுத்துப்பட்டை வந்தது. சட்டத்தில் இடம் இருக்கிறது. மருந்து வாங்கி, ஆயுள் முழுக்கச் சோதனை செய்துகொண்டிருந்தால் நாய் வாழலாம். மூன்று மாத அடிப்படைச் சம்பளம் இருந்தால் போதும். ஓடின் இன்று ஏசி அறையில் நலமாக இருக்கிறது.

"சுவருக்கு அந்தப் பக்கம் அது நோயாளி. இந்தப் பக்கம் அது ஆபத்து" என்று லெனில்தா ஒருமுறை சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொன்னாள். அந்தக் குடியிருப்புக்குள் அவளை வேலைக்காரர் வாசல் வழியாகத்தான் விடுவார்கள். "நாயோட வந்தாத்தான் முன்வாசல்" என்றும் சொன்னாள்.

நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை. கேட்டில் நின்று கைதட்டினேன். வெகுநேரம் பதில் இல்லை. பிறகு கதவு ஒரு முகம் அளவுக்குத் திறந்தது.

"பேப்பர்க்காரனா? பெலர்மீனோ அனுப்பினானா?"

"அவர் அனுப்பல. நானா வந்தேன்."

"ரொட்டி வாங்கிட்டு வந்தியா?"

"இல்ல."

"அப்ப நீயாத்தான் வந்திருக்க. உள்ள வா. கதவைச் சாத்து."

பின்கட்டில் மாமரத்தடியில் வலை இருந்தது. கொசுவலை இல்லை. கொசுவலையின் கண்ணில் வைக்கோல் கொசு தலை குனியாமல் நுழைந்துவிடும். மெல்லிய திரைச்சீலைத் துணியை வாங்கி நாலு பக்கமும் கையால் தைத்திருந்தாள். தரையில் ஓர் இலை இல்லை, அப்படிப் பெருக்கியிருந்தாள். உள்ளே ஒரு நாய் படுத்திருந்தது. கண்ணைச் சுற்றி முடி உதிர்ந்து மூக்குக் கண்ணாடி போட்டதுபோல வட்டம். நகங்கள் வளர்ந்து வளைந்து, நடந்தால் தரையில் தட்டும் நீளம். விலா எலும்புகளை எண்ணலாம்.

"இது பேக்கரி நாய் இல்ல?" என்றேன்.

"ஆமா."

"இதுக்கு..."

"இருக்கு. உனக்கே தெரியுதுல்ல. எனக்குத் தெரியாதா?"

காப்பி போட்டாள். அடுப்படியில் ஒரு மூலையில் மரவள்ளிக்கிழங்கு குவிந்து கிடந்தது. மேலே இருந்தது புதுசு, அடியில் இருந்தது கறுத்துப்போய் நாறத் தொடங்கியிருந்தது. ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு கிழங்கு என்று கேட்டேன். அவள் பதில் சொல்ல ஆரம்பித்தது அங்கேதான்.

எங்கள் ஊரில் பழுப்புச் சர்க்கரைப் பாகு நிறத்தில் இருக்கும் நாய்க்கு நிறம் கரமேலோ. அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நாங்கள் யாரும் மூளையைக் கசக்குவதில்லை. பெயரும் கரமேலோ. மார்ச் மாதம் எங்கள் தெருவில் ஒரு சிறுமிக்குக் காலாசார் கண்டபோது, லெனில்தா ஒரே நாளில் நாற்பத்து மூன்று நாய்களிடம் ரத்தம் எடுத்தாள். அதில் பதினோரு கரமேலோ. உடனடிச் சோதனைப் பட்டைகள் மூன்று மாதமாக வராததால் எல்லாக் குழாய்களும் தலைநகரத்துக்குப் போயின. பதிவேட்டில் பெயர், நிறம், ஆணா பெண்ணா, இடம். கிழங்கு வியாபாரி ஜெசுவீனோவின் வீடு பேக்கரிக்கு எதிரில். "கரமேலோ, கரமேலோ, ஆண், பேக்கரி எதிரில்." நடைபாதையில் படுத்திருந்த, ஊருக்கே பொதுவான நாய்க்கு வீடு ஏது? அது படுத்திருக்கும் இடத்தை எழுதினாள். "கரமேலோ, கரமேலோ, ஆண், பேக்கரி எதிரில்."

குழாயில் எண் இருந்தது. தலைநகரத்திலிருந்து வந்த தாளில் எண் இருந்த ஓரம் அச்சில் வெட்டுப்பட்டிருந்தது. முதல் கட்டுத் தாளில் ஒரே ஒரு பேக்கரி எதிர்க் கரமேலோ. நோய் உண்டு.

"நான் நேரா ஜெசுவீனோ வீட்டுக்குப் போனேன். நடைபாதை நாய் ஞாபகத்துக்கே வரல. அதுக்குப் பேர் கேக்க ஆள் இருந்தா வந்திருக்கும்."

ஜெசுவீனோவுக்கு எழுபத்தொரு வயது. கண்ணில் புரை. தள்ளுவண்டியில் கிழங்கு விற்பவர். அந்த நாய் வண்டிக்கு அடியிலேயே, நிழல் பிசகாமல் நடந்து வரும். திருப்பத்தில் அது குரைத்தால்தான் அவர் திரும்புவார். லெனில்தா கேட்டபோது அவர் ஒளிக்கவில்லை, வாயைப் பொத்தவில்லை. சிறுமியின் வீடு பக்கத்து வீடு. தானே தூக்கி வண்டியில் ஏற்றிக் கொடுத்தார்.

"ஊசி போடறப்ப கை சொல்லுச்சு. முடி பளபளன்னு இருக்கு, சதை கெட்டியா இருக்கு, நகம் தேஞ்சு சரியா இருக்கு. இருபத்திரண்டு வருஷக் கை. ஆனா தாள்ல உண்டுன்னு இருக்கு. வெளியில தெரியாமயும் நோய் இருக்கும், அதுவும் நெசந்தான். நான் தாளை நம்பினேன்."

பத்தொன்பது நாள் கழித்து இரண்டாவது கட்டு வந்தது. கரமேலோ, கரமேலோ, ஆண், பேக்கரி எதிரில். நோய் இல்லை. பழைய பதிவேட்டை எடுத்து, தலைநகரத்துக்குத் தொலைபேசி போட்டு, எண்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு பேக்கரிக்குப் போய் நடைபாதை நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அலுவலகத்துக்கு இல்லை, வீட்டுக்கு.

"கொண்டு வந்தா ஊசி போடணும். போட முடியல. ஒரே பேர்ல ரெண்டாவது தடவை கை வரல. இது இங்க இருக்கக் கூடாதுன்னும் தெரியும். சுத்தி ஏழு வீடு, பதினாலு பிள்ளைங்க. அதான் இந்த வலை. நாப்பது நாள் ஆச்சு."

"ஜெசுவீனோகிட்ட சொன்னீங்களா?"

"அந்தாளு வாராவாரம் வெள்ளிக்கிழமை கிழங்கு கொண்டு வந்து தரார். 'நீ உன் வேலையத்தான செஞ்ச மகளே, அந்தக் குட்டிப் பொண்ணு பொழச்சுக்கும்'னு எனக்கு ஆறுதல் சொல்றார். எனக்கு! நாய் சீக்காப் போச்சுன்னு நெனச்சுத்தான் அவர் தூங்கறார். அதையும் நான் புடுங்கணுமா?" அவள் கிழங்குக் குவியலைப் பார்த்தாள். "தூக்கிப் போடவும் முடியல. தின்னவும் முடியல."

கேட்டில் கைதட்டல் கேட்டது.

வெள்ளிக்கிழமை என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. ஆனால் ஜெசுவீனோ அன்று கிழங்கு கொண்டு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, ஈரத் தலையை வாரியிருந்தார். ஒரு கையில் இலையில் பொதிந்த, சோள மாவில் அவித்த குஸ்குஸ். மறு கையில் கயிறு.

"பெலர்மீனோ சொன்னான் மகளே" என்றார், குரலைத் தாழ்த்தி. "கரமேலோ இங்க இருக்குன்னு. நீ எங்கிட்டச் சொல்ல வேணாம், எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஊசி போட மனசு வரல உனக்கு. நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். கூட்டிட்டுப் போகவும் கேக்கல. ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்."

"கயிறு எதுக்கு சேவு ஜெசுவீனோ?" என்று கேட்டாள். அதைத் தவிர வேறு எதையும் கேட்க அவளால் முடியவில்லை என்று நினைக்கிறேன்.

அவர் கயிற்றைப் பார்த்தார். "சும்மா. ஒருவேளை நீ குடுத்தா."

அவள் தடுப்பதற்குள் அவர் பின்கட்டுக்குப் போய்விட்டார். "கரமேலோ!" என்றார்.

நாய் எழுந்தது. அதன் பெயரும் அதுதானே. மூன்று வருடம் தினமும் பேக்கரி வாசலில் பார்த்த ஆளைப் பார்த்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து வாலை ஆட்டியது. கிழவர் வலைக்கு அடியில் கையை விட்டு அதன் தலையைத் தொட்டார். சிரித்தார். ஐயோ, அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்க வேண்டாம். விரல்கள் இடது காதுக்குப் போயின. நுனியில் எதையோ தேடின. மறுபடி தேடின. வலது காதுக்குப் போய்த் திரும்பி வந்தன.

"காதுல வெட்டு இருக்கும்" என்றார். "குட்டியில கோழி கொத்தினது."

கையை வலையிலிருந்து எடுத்தார்.

"என்னுது எங்க?"

"போயிடுச்சு சேவு ஜெசுவீனோ. அன்னைக்கே போயிடுச்சு."

"இது?"

"நடைபாதை நாய்."

"அதை எதுக்கு நீ ஒளிச்சு வச்சிருக்க?"

பரிதாபம் பார்த்து எடுத்து வந்தேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். கிழவர் நம்பியிருப்பார், அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு கிழங்கு கூட வந்திருக்கும். வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த நான், அவள் அதைத்தான் சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"சீக்கு இதுக்குத்தான்" என்றாள் லெனில்தா. "உங்களுதுக்கு ஒண்ணும் இல்ல. பேரும் நெறமும் எடமும் ஒண்ணா இருந்துச்சு. நான் சரியாப் பாக்கல."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல."

"கொஞ்சம்கூட?"

அவள் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் தரையில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் பின்பக்கம் மண்ணில் பட்டது. இலையைப் பிரித்துக் குஸ்குஸை நாயிடம் நீட்டினார். அது முகர்ந்து, நக்கி, விட்டுவிட்டது. அதன் விலாவைத் தடவினார்.

"இதுக்கு வலிக்குதா?"

"வலிக்குது."

"அப்ப எதுக்குக் காத்திருக்க?"

மறுநாள் காலை நாய் அவருடைய தள்ளுவண்டியில் போனது. வலைத் துணியைச் சுற்றி, கிழங்குச் சாக்கின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். திருப்பங்களில் நான், "இந்தப் பக்கம், சேவு ஜெசுவீனோ" என்று சொல்ல வேண்டியிருந்தது. நகராட்சிக் கொட்டகையில் குமாஸ்தா படிவத்தை எடுத்தார். உரிமையாளர் இல்லாத நாய் என்றால் மூன்று நாள் கூண்டில் வைத்து, யாராவது தேடி வருகிறார்களா என்று பார்க்க வேண்டும். அதுதான் விதி.

"யார் நாய்?"

"என்னுது" என்றார் ஜெசுவீனோ. மைப்பெட்டியில் கட்டைவிரலைத் தேய்த்தார்.

"பேரு?"

"கரமேலோ."

"நெறம்?"

"கரமேலோ."

"பேக்கரி எதிரிலா?" குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டி மூக்கைச் சுருக்கினார். "இதே வரி ஏற்கனவே இருக்கே, தோனா லெனில்தா. ஏப்ரல்ல. இந்த நாய் செத்துப்போச்சு."

"ஆமா" என்றாள் அவள். "அதைச் சொல்லத்தான் வந்தேன். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். எழுதி முடித்த பிறகு, அவள் முதலில் தூங்க வைக்கும் ஊசியையும் பிறகு மற்றதையும் போட்டாள். கிழவர் தலையைப் பிடித்துக்கொண்டார். அது அவர் நாய் இல்லை. ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்கு அதற்கு ஓர் ஆள் இருந்தார். ஊரில் எத்தனை நாய்களுக்கு அது உண்டு?

விசாரணை வந்தது. குறை காணும் கடமையை யாரும் சுருக்கமாக முடிப்பதில்லை. லெனில்தாவை வெளிவேலையிலிருந்து எடுத்துக் கிடங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். கொசுப் பொறி விளக்குகளை எண்ணுகிறாள். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது, ஓய்வூதியம் பற்றித் தலைநகரம் யோசிக்கிறது. பதிவேட்டில் இனி "எதிரில்", "பக்கத்தில்" எழுதக் கூடாது, கதவெண் வேண்டும் என்று சுற்றறிக்கை. நடைபாதைக்குக் கதவெண் தருவது பற்றி அதில் ஒன்றுமில்லை. அடுத்த தெருவில் ரத்தம் எடுக்கிற புதுப் பையன் வந்தால் நாய்கள் குரைக்கின்றன. யாரும் வாயைப் பொத்துவதில்லை, அவனுக்கு இன்னும் பயப்படவில்லை. சிறுமி தேறிவிட்டாள். பள்ளிக்கூடம் போகிறாள்.

இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். "பேர் போட்டே எழுது. சோப்புன்னும் போடு, இல்லாட்டி யாருன்னு தெரியாது" என்றாள்.

ஜெசுவீனோ வெள்ளிக்கிழமைகளில் அவள் வீட்டுக்கு இப்போது வருவதில்லை. ஆனால் கிடங்கின் வழியாகத்தான் வண்டி போக வேண்டும். சன்னலடியில் நிறுத்துவார்.

"என் தாள் வந்துச்சா?"

அன்று கொட்டகையில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: தன் கரமேலோவுக்கு நோய் இருந்ததில்லை என்று ஒரு தாள், வட்ட முத்திரையோடு. தருகிறேன் என்று லெனில்தா வாக்குக் கொடுத்துவிட்டாள். நோய் உண்டு என்பதற்கு நகராட்சியில் படிவம் இருக்கிறது, கொன்றதற்கு இருக்கிறது, புதைத்ததற்கு இருக்கிறது. செத்த நாய் நன்றாக இருந்தது என்பதற்குப் படிவம் இல்லை. தலைநகரத்துக்கு நாலு தடவை எழுதிவிட்டாள். பதில் வரவில்லை.

"இன்னும் இல்ல, சேவு ஜெசுவீனோ."

"சரி மகளே. அடுத்த வாரம் பாக்கறேன்."

இந்தப் பத்தி அச்சுக்குப் போகுமுன் அவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். தாளை வாங்கி, கண்ணுக்கு அருகில் பிடித்து, மேலும் கீழும் தடவிப் பார்த்தார்.

"முத்திரை இல்லையே" என்று திருப்பிக் கொடுத்தார்.